படப்பைக் கேரட்

தக்காளிக்கு விலை வைப்பது என் வேலையாக இருந்தது. சிரிக்காதீர்கள், அதற்கு அரசாங்கம் சம்பளமே கொடுத்தது. வேளாண்மைத் துறையில் உதவி அலுவலராகச் சேர்ந்து, விதை, உரம், பூச்சிமருந்து என்று ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த என்னை, இரண்டாயிரத்துகளின் நடுவில், தாம்பரத்துப் பக்கம் இருந்த ஓர் உழவர் சந்தைக்கு மாற்றினார்கள். கல்யாணமாகி சேலையூரில் வாடகை வீட்டில் குடியிருந்த எனக்கு அது ரொம்பப் பக்கம். "குடுத்து வெச்சவடி நீ" என்றாள் அலுவலகத் தோழி. பால்காரனுக்கு முன்னால் எழுந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

உழவர் சந்தை என்றால் இடைத்தரகர் கிடையாது. விளைவித்தவரே கொண்டுவந்து விற்க வேண்டும். நிலம் இருக்கிறதா, அதில் என்ன போட்டிருக்கிறார் என்று போய்ப் பார்த்து, படம் ஒட்டி ஓர் அடையாள அட்டை கொடுப்போம். அந்த அட்டை இருந்தால் கடைக்கு வாடகை இல்லை, தராசு இலவசம், அரசு பஸ்ஸில் காய்க் கூடைக்கு லக்கேஜ் கட்டணம் இல்லை. அட்டை இல்லையென்றால் கேட்டுக்கு வெளியே. யாராவது இன்னொருவர் நிலத்துக் காயை வாங்கி வந்து விற்றால் அவர் வியாபாரி. வியாபாரிக்கு உள்ளே இடமில்லை. இதுதான் சட்டம்.

விலை வைக்கிற விதம்தான் வேடிக்கை. விடியுமுன் கோயம்பேட்டிலிருந்து ஒருவர் செல்போனில் மொத்த விலையைச் சொல்வார். வெளியே தள்ளுவண்டியிலும் கடைகளிலும் என்ன சில்லறை விலை என்று நானே போய்க் கேட்டுக்கொண்டு வருவேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு விலையைப் பிடித்து, வாசலில் நிற்கும் கரும்பலகையில் சாக்பீஸால் எழுத வேண்டும். விற்பவருக்குக் கோயம்பேட்டை விட லாபம், வாங்குபவருக்குக் கடையை விட மலிவு. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! எழுதி முடித்துத் திரும்பினால் பின்னால் ஒரு படையே நிற்கும். விற்கிறவர்கள், "இன்னா மேடம், வெண்டைக்காய்க்கு இம்மாந்தானா?" என்பார்கள். வாக்கிங் முடித்து ஒயர் கூடையோடு வரும் ரிட்டயர்டு சார்கள், "என்னம்மா, கவர்மெண்ட் சந்தையிலயே இந்த விலையா?" என்பார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். சாக்பீஸை நீட்டி, "நீங்களே எழுதிக்கோங்க" என்பேன். யாரும் வாங்கியதில்லை.

என் கணவர் சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தார். அவருக்கு என் வேலை ஒரு தீராத ஜோக். "உலகத்துல எங்கயாவது ஒரு பொம்பளை சாக்பீஸ் வெச்சுக்கிட்டு டிமாண்டையும் சப்ளையையும் கன்ட்ரோல் பண்ண முடியுமா? மார்க்கெட் தானா விலையைக் கண்டுபிடிச்சுக்கும்மா. கவர்மெண்டுக்கு இதுல என்ன வேலை?" என்பார். நான் தோசையைத் திருப்பிக்கொண்டே, "உங்க ஆபீஸ் நிக்கிற இடம் யார் குடுத்தது? மார்க்கெட்டா? அங்க போற ரோடு, லைட்டு, தண்ணி? உங்களுக்கு ஏக்கர் ஏக்கரா குடுத்தா அது வளர்ச்சி, கத்திரிக்காய்க்கு ஒரு தராசு குடுத்தா அது தலையீடா?" என்பேன். அவர் தோசையைப் பார்ப்பார். கருகிய தோசையோடு விவாதம் செய்யும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் சொன்னதும் சில நாள் நடந்தது. ஒரு மழைக்காலத்தில் தக்காளி விலை தாறுமாறாக ஏறியது. பாவம் ஜனங்கள் என்று நான் கொஞ்சம் குறைத்து எழுதினேன். எழுதிய சாக்பீஸ் தூள் கையிலிருந்து போகவில்லை, சந்தையில் இருந்த தக்காளியெல்லாம் மாயமாகிவிட்டது. கேட்டால், "தக்காளியா? இன்னிக்கி வரலியே மேடம்." குனிந்து பார்த்தால் கோணிக்கு அடியில் சிவப்பாகத் தெரிகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன், கூடைத் தக்காளியைக் கோணியில் மறைத்ததை அன்றுதான் பார்த்தேன். திரும்பிப் போய்ப் பலகையில் விலையை ஏற்றினேன். தக்காளி வெளியே வந்தது. வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு வாரம் என்னால் தலைகாட்ட முடிந்திருக்காது.

இப்போது அந்த அக்காவைப் பற்றிச் சொல்கிறேன்.

படப்பையிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். கத்திரிக்காய், வெண்டைக்காய், முளைக்கீரை. அவர் வீட்டுக்காரர் மாட்டோடு சரி, சந்தைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. வேலை எல்லாம் அக்காதான். நெற்றியில் பெரிய பொட்டு, இடுப்பில் சுருக்குப் பை, வாயில் நிற்காத பேச்சு. நான் விலையை எழுதும்போதே தூரத்திலிருந்து குரல் வரும்: "மேடம், கத்திரிக்காய் இஸ்பெல்லிங்கு நல்லாத்தான் கீது, வெலதான் நல்லால்ல!" சந்தையே சிரிக்கும். கோபப்பட முகத்தைத் தயார் செய்வேன், அதற்குள் எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

கேட்டிலிருந்து மூன்றாவது கடையில் உட்காருவார். கடைகளை வருகிற வரிசையில்தான் ஒதுக்க வேண்டும். ஆனால் அந்த இடத்தை மற்றவர்கள் அவருக்கென்றே விட்டுவிடுவார்கள். "என் எடம்" என்றுதான் சொல்வார். அரசாங்க இடம் என்று நான் திருத்துவேன். "அரசாங்கம் வந்து உக்காருதா? நான்தானே உக்கார்றேன்" என்பார்.

சில மாதங்களாக அந்த மூன்றாவது கடையில் மட்டும் கூட்டம் அதிகமாக இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நல்ல காய், நல்ல பேச்சு, கூட்டம் வராதா பின்னே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாவட்டத்திலிருந்து மேலதிகாரி திடீரென்று வந்து இறங்கினார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். தராசுகளைப் பார்த்தார், கழிப்பறையைப் பார்த்தார், பலகையில் என் கையெழுத்தைப் பார்த்தார். அப்படியே நடந்து மூன்றாவது கடை முன்னால் நின்றார். நின்றவர் குனிந்து, கீரைக்கட்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். அடியில் ஒரு குவியல் கேரட். பக்கத்தில் பீன்ஸ்.

கேரட்டும் பீன்ஸும் ஊட்டிப் பக்கத்துச் சரக்கு. எங்கள் சந்தைப் பலகையில் அதற்கு ஒரு வரியே கிடையாது.

"எந்த ஊரும்மா நீங்க?" என்றார் அதிகாரி.

"படப்பை சார்" என்றார் அக்கா.

"படப்பையில கேரட் விளையுமா?"

வேறு யாராக இருந்தாலும் தலையைக் குனிந்திருப்பார்கள். இவர் நிமிர்ந்து பார்த்து, "போட்டா வெளையும் சார். எங்க மண்ணு அப்பிடி" என்றார்.

சுற்றியிருந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தராசைத் துடைத்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டார். "நாளைக்கே நிலத்தைப் போய்ப் பாருங்க. கேரட் இல்லைன்னா வியாபாரின்னு அர்த்தம். கார்டை வாங்கிட்டு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏன்க்கா, எங்கேர்ந்து வந்தது இது? உண்மையைச் சொல்லுங்க!" என்று கத்தினேன். அக்கா கேட் பக்கம் பார்த்தார். கேட்டுக்கு வெளியே வழக்கமாக நிற்கும் தள்ளுவண்டி அண்ணன், திடீரென்று எங்கோ அவசர வேலை வந்தவர்போல் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். அவர் வண்டியில் கத்திரிக்காய் பளபளவென்று இருந்தது. படப்பைக் கத்திரிக்காய். கத்திரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகும்?

ஓடிப் போய் வண்டியை நிறுத்தினேன். அண்ணன் சண்டைக்கு வரவில்லை. "கோச்சிக்காத மேடம். அக்கா காலீல ஒரு பை கத்திரிக்காய் சொவத்துக்கு இந்தாண்ட குடுக்கும். நான் ஒரு பை கேரட், பீன்ஸு அந்தாண்ட குடுப்பேன். துட்டே கிடையாது, காய்க்குக் காய். இதுல இன்னா தப்பு?" என்றார்.

அடக் கடவுளே! நான் செல்போனும் சாக்பீஸுமாக விலை நிர்ணயம் செய்துகொண்டிருக்க, பத்தடி தள்ளிச் சுவருக்கு மேல் பண்டமாற்று நடந்திருக்கிறது. அண்ணனுக்குக் கோயம்பேட்டில் காசு கொடுக்காமல் புதுக் கத்திரிக்காய். அக்காவுக்கு, "சாம்பாருக்கு கேரட் இல்லையா?" என்று கேட்டுவிட்டு வெளியே போகும் வாடிக்கைக்காரரைப் பிடித்து உட்காரவைக்க ஒரு வழி. எல்லாருக்கும் லாபம். அரசாங்கம் ஒன்றுக்குத்தான் விஷயம் தெரியாது, அதாவது எனக்கு.

திரும்பி வந்து அக்காவிடம் பொரிந்து தள்ளினேன். "உங்களுக்கு என்னக்கா குறை? இருக்கிற காய் விக்குது, நல்ல விலை வருது. அந்தக் கேரட்டுக்காக கார்டே போகப்போகுது. நாளைக்கு நான்தான் வந்து வாங்கணும். எனக்கு இந்தத் தலையெழுத்து தேவையா?"

அக்காவின் முகம் ஒரு கணம் செத்துப்போயிற்று. கார்டு என்ற சொல்லுக்குத்தான். அடுத்த கணம் பழைய அக்கா வந்துவிட்டார். "நாளைக்கி வந்து பாரு மேடம், கேரட்டு கீதா இல்லியான்னு" என்றார். சொல்லிவிட்டு அன்றைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமே கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு முழித்தார். "ஏங்க இப்படி முழிக்கிறீங்க?" என்றேன்.

"இல்ல... ஞாயித்துக்கிழமை நான்தானே காய் வாங்கிட்டு வர்றேன். நம்ம வீட்டுக் கேரட்டும் அந்த அக்காகிட்டதான்."

"என்னது?"

"உன் போர்டுல கேரட்டுக்கு விலையே இல்லையா, நான் நல்லா பேரம் பேசுவேன். அவங்களும் விடமாட்டாங்க. செம ஜாலியா இருக்கும்மா. உங்க சந்தையிலயே ஃப்ரீ மார்க்கெட்னா அது ஒண்ணுதான்."

இத்தனை நாள் என் சந்தையில் இல்லாத காயை, என் கையாலேயே பொரியல் செய்து, தேங்காய் தூவி, டப்பாவில் கட்டிச் சந்தைக்கே எடுத்துப் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன்! அன்று ராத்திரி அவருக்குப் பொரியல் போடவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, அவருக்கு லீவு. "நானும் வர்றேன், படப்பையில கேரட் விளையுறதைப் பாக்கணும்" என்று ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டார். முடிச்சூர் ரோட்டில் போய், மண்ணிவாக்கத்தில் திரும்பி, வாலாஜாபாத் ரோட்டில் போனோம். ஒரகடத்திலிருந்து புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு நீள நீள லாரிகள் எதிரே வந்தன. ஒவ்வொன்று கடக்கும்போதும் ஸ்கூட்டர் ஆடியது. "பாத்தியா, இதான் வளர்ச்சி" என்று பின்னாலிருந்து கத்தினார். "ஒழுங்கா பிடிச்சிக்குங்க, விழுந்தா வளர்ச்சி தூக்கிவிடாது" என்றேன்.

நிலம் ஊருக்குப் பின்னால் இருந்தது. பெரிதில்லை. ஆனால் என்ன பசுமை! கத்திரிச் செடி இடுப்பு உயரம். வெண்டை பூத்து நின்றது. வேளாண்மை படித்தவளுக்கு அப்படி ஒரு தோட்டத்தைப் பார்த்தால் மனசு குளிர்ந்துபோகும். அக்கா தலையில் முண்டாசோடு வரப்பில் நின்று, "வா மேடம், வா சார்" என்று கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார். நேராகக் கிணற்றோரம் ஒரு பாத்திக்குக் கூட்டிப் போனார். புதிதாகக் கொத்தித் தண்ணீர் விட்ட பாத்தி. அதில் வரிசையாக, நூல் பிடித்ததுபோல, கேரட் தலைகள் மண்ணுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றிலும் இலை இல்லை.

"இலை எங்கக்கா?" என்றேன்.

"மாடு மேஞ்சிடுச்சி மேடம்" என்றார் அக்கா, கண்ணிமைக்காமல்.

குனிந்து ஒன்றைப் பிடித்து இழுத்தேன். வெண்ணெயிலிருந்து கத்தியை எடுப்பதுபோல் வந்தது. கழுவித் துடைத்த, வாலை நறுக்கிய, கோயம்பேட்டுக் கேரட். அதன் இடுப்பில் மூட்டை கட்டிய சணல் நார் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

என் கணவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர். நான் அதிகாரி, சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். உதடு துடித்தது அவருக்கு. அவ்வளவுதான், மூன்று பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். வீட்டுக்காரர் மாட்டுத் தொழுவத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, நமக்கேன் வம்பு என்று உள்ளே போய்விட்டார்.

சிரித்து முடித்ததும் எனக்குக் கோபம் திரும்ப வந்துவிட்டது. "இவ்வளவு நல்ல தோட்டத்தை வெச்சிக்கிட்டு ஏன்க்கா இந்த வேலை? இந்தக் கத்திரிக்காய் ஒண்ணு போதாதா உங்களுக்கு?" என்றேன்.

அக்கா கத்திரிச் செடிகளுக்கு நடுவே நடந்து போய் ஒரு செடியை விலக்கிக் காட்டினார். அங்கே வெள்ளையடித்த ஒரு கல் நட்டிருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கும் அப்பால் இன்னொன்று.

"அளந்துட்டுப் போய்ட்டாங்க மேடம். கம்பெனி வர்றதுக்கு கவர்மெண்டு எடுத்துக்குதாம். இந்தக் கோடி மொத்தமும் போவுது. இந்த வருசமோ அடுத்த வருசமோ, தெர்ல" என்றார்.

கணவர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். "காம்பன்சேஷன் குடுப்பாங்கள்ல அக்கா? நல்ல தொகை வரும்" என்றார், ஆறுதலாகத்தான்.

"வரும் சார். வூட்டுக்கு வரும், கடனுக்குப் போவும், பையன் வண்டி வாங்குவான். நல்லதுதான், நான் வாணாங்கல. எனக்கு இன்னா வரும்? சொல்லு. காலீல எழுந்து கூடையத் தூக்கினு போறதுக்கு எனக்கு ஒரு எடம் கீது. நிலம் போச்சின்னா கார்டு போவும். கார்டு போச்சின்னா அந்த எடம் போவும். நீதானே மேடம் சொல்லுவ, விவசாயிக்குத்தான் எடம்னு?"

அக்கா செடியை விட்டார், அது கல்லை மறுபடி மூடிக்கொண்டது.

"அதான், அதுக்குள்ள யாவாரம் கத்துக்கலாம்னு பாத்தேன். நம்மளுது இல்லாத காய வாங்கி எப்பிடி விக்கறது, எவ்ளோ வெச்சி விக்கறது, கெட்டுப்போனா இன்னா பண்றது. இதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? செடில காச்சா பறிப்பேன், அவ்ளோதான். கேரட்டுலதான் கத்துக்கினேன்."

உலகப் பொருளாதாரத்துக்கே பதில் வைத்திருக்கும் என் கணவர், நான் பிடுங்கிய கேரட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. இவருக்கு அட்டை கொடுத்ததும் அரசாங்கம். கல் நட்டதும் அரசாங்கம். ஒரு அலுவலகம் கொடுத்தது இன்னொரு அலுவலகத்துக்குத் தெரியுமா? தெரிந்தால்தான் என்ன செய்திருப்பார்கள்? அந்தக் கல்லைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது. ஆனால் தொழிற்சாலையும் வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அங்கே வேலை கேட்டுக் காத்திருக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று அந்த ரோட்டில் போனால் தெரியும். அக்காவின் பையனே அதில் ஒருவன்.

கிளம்பும்போது அக்கா மெதுவாகக் கேட்டார். "கார்டு குடுக்கணுமா மேடம்?"

"இன்னிக்கு நீங்க விவசாயிதானேக்கா? இடுப்பளவு நிக்குதே செடி. யார் வேணா வந்து பாக்கட்டும்" என்றேன்.

திங்கட்கிழமை அதிகாரி போன் செய்தார். "நிலத்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். கத்திரி, வெண்டை, கீரை, எல்லாம் பிரமாதமா இருக்கு. சொந்தச் சாகுபடிதான் சார்."

"கேரட்?"

"மண்ணுலதான் இருந்தது சார். என் கையாலயே பிடுங்கினேன்."

அவரும் வேளாண்மை படித்தவர். படப்பை வெயிலில் கேரட் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? "நல்ல மண்ணு போல" என்றார் கடைசியில், குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல். "இனிமே அங்க கேரட் விளைய வேண்டாம்னு சொல்லிடுங்க."

"சொல்லிடறேன் சார்" என்றேன். போனை வைத்ததும் அந்த ஒல்லி மனிதர்மேல் எனக்குத் திடீரென்று அன்பு வந்துவிட்டது.

கேரட் நின்றது. பீன்ஸும் நின்றது. தள்ளுவண்டி அண்ணன் கத்திரிக்காயையும் பழையபடி கோயம்பேட்டிலேயே காசு கொடுத்து வாங்க ஆரம்பித்து, என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் உற்சாகமே இல்லாமல் பலகை விலைக்குக் காய் வாங்கி வந்தார். அக்காவின் கடையில் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. வாய் குறையவில்லை. "மேடம் போர்டுல கேரட்டும் போடு மேடம், ஆசையா கீது பாக்கறதுக்கு!" என்று காலையிலேயே ஆரம்பித்துவிடுவார்.

அடுத்த வருஷம் பொங்கல் கழிந்து நிலம் போனது. கடைசியாகப் பறித்த காயோடு அக்கா வந்தார். பிஞ்சும் முற்றலும் கலந்து கிடந்தது. விட்டுவைக்க முடியாதே, எல்லாவற்றையும் பறித்திருக்கிறார். விற்று முடித்துத் தராசைத் திருப்பிக் கொடுக்கும்போது, சுருக்குப் பையிலிருந்து கார்டை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"யாரும் கேக்கலையேக்கா. வெச்சிக்கோங்க. கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன். சட்டம் பேசுகிற நான்தான் சொன்னேன்.

"வெச்சிக்கினு? நாளைக்கி ஒருத்தர் வந்து எங்கம்மா உன் நிலம்னு கேட்டா, மறுக்கா கேரட்டு நடறதுக்குக்கூட எனக்கு மண்ணு இல்ல மேடம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் கார்டை எடுத்து இழுப்பறைக்குள் போட்டேன். மூடுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

கொஞ்ச நாளில் கேட்டுக்கு வெளியே இன்னொரு தள்ளுவண்டி வந்தது. அக்காதான். அண்ணன் தனக்குத் தெரிந்த இடத்தில் வண்டி பிடித்துக் கொடுத்திருக்கிறார். கேரட், பீன்ஸ், கோஸ், பீட்ரூட் என்று மலைக்காயாகவே அடுக்கியிருந்தார். கத்திரிக்காய் மட்டும் வைக்கவில்லை. ஒரே வாசலில் இரண்டு வண்டியிலும் கத்திரிக்காய் எதற்கு என்றார் அண்ணன். வியாபாரம் நன்றாகவே நடந்தது. எங்கள் சந்தையில் கத்திரிக்காய் வாங்கிய கையோடு வெளியே வந்து அக்காவிடம் கேரட் வாங்கிக்கொண்டு போனார்கள். கணவர் பேரத்தை மறுபடியும் தொடங்கினார். "நான் சொன்னேன்ல, மார்க்கெட் தானா வழியைக் கண்டுபிடிச்சுக்கும்" என்று ஒருநாள் ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஒருநாள் சந்தை முடிகிற நேரம். பாதிக் கடைகள் காலி. அக்கா கேட்டைத் தாண்டி உள்ளே வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. கார்டு கொடுத்த பிறகு அவர் உள்ளே வந்தது அதுதான் முதல் முறை. வியாபாரிகள் உள்ளே வந்து மொத்தமாக வாங்கிப் போகிறார்களா என்று பார்ப்பதும் என் வேலைதான். எழுந்து நின்றேன்.

மூன்றாவது கடையில் அன்றைக்கு மணிமங்கலத்து ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மிச்சம் கொஞ்சம் கத்திரிக்காய் இருந்தது. அக்கா அதன் முன்னால் போய் நின்றார்.

"இன்னாக்கா, யாவாரத்துக்கா?" என்று அவர் என் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு கேட்டார்.

"வூட்டுக்குப்பா. கால் கிலோ குடு. கொழம்புக்கு" என்றார் அக்கா. என் பக்கமும் திரும்பி, "வூட்டுக்குத்தான் மேடம்" என்றார்.

"பாத்து எடுத்துக்கோக்கா" என்று அவர் தராசுத் தட்டை நீட்டினார்.

அக்கா தட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். குவியலைப் பார்த்தார். ஒரு காயை எடுத்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்துத் திருப்பினார், அதையும் வைத்துவிட்டார். பின்னால் ஒரு பெண்மணி காத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனேன்.

"என்னக்கா ஆச்சு?"

"இல்ல மேடம்..." என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பொறந்ததுலேர்ந்து கத்திரிக்காய காசு குடுத்து வாங்கனதில்ல. எப்பிடிப் பாத்து எடுக்கணும்னு தெர்ல."

அவர் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டேன். குனிந்து, காம்பு பச்சையாக இருந்ததாகப் பார்த்து, கால் கிலோ நானே பொறுக்கிப் போட்டேன்.